இடிப்பதற்கு முன்: வீட்டைப் புதுப்பிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டைப் புதுப்பிக்கப் போவதாகச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் கைபேசியில் சேர்த்து வைத்த படங்களைத்தான் முதலில் காட்டுவார்கள். நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றே ஒன்று: “மழை பெய்தால் எந்த மூலை நனைகிறது?” என் வீட்டை ஒருமுறை தப்பும் தவறுமாகப் புதுப்பித்தேன், அந்தத் தவறுகளைச் சரிசெய்ய இரண்டாவது முறையும் செலவழித்தேன். அப்புறம் தெரிந்தவர்கள் வந்து கேட்க ஆரம்பித்தார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை.

முதலில் செய்ய வேண்டியது என்ன?

ஒரு நோட்டும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு வீட்டை நிதானமாகச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு பக்கம். பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் “பழுது”, வலப்பக்கம் “பிடிக்கவில்லை” என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒழுகும் தளம் பழுது. பச்சை நிறச் சுவர் பிடிக்கவில்லை. இவை இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், ஓதம் ஏறிய சுவர்மேல் விலை உயர்ந்த பெயின்ட் அடித்துவிட்டு ஆறு மாதத்தில் தலையில் கை வைக்கிறோம்.

இந்த நோட்டோடு ஒரு வாரமாவது வாழ்ந்து பாருங்கள். எங்கே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடக்கிறதோ அங்கே ஒரு பிளக் பாயின்ட் குறைகிறது என்று பொருள். துணிகள் நாற்காலியில் குவிகின்றன என்றால் அலமாரி தப்பான இடத்தில் இருக்கிறது. பகலிலும் விளக்குப் போடும் அறை எது? எந்தக் கதவு எதில் இடிக்கிறது? இதையெல்லாம் வெளியிலிருந்து வரும் எந்த வடிவமைப்பாளராலும் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடிக்க முடியாது.

பிறகு அளவெடுங்கள். நீளம், அகலம், உயரம், கதவு, சன்னல், தூண்கள். மூலைக்கு மூலை குறுக்களவும் எடுங்கள். இரண்டு குறுக்களவும் சமமாக இல்லாவிட்டால் அறை கோணலாக இருக்கிறது, டைல்ஸ் போடும்போது ஓரத்தில் ஆப்பு மாதிரி துண்டு வரும். கட்டத்தாளில் ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. என்ற கணக்கில் வரைந்து, கட்டில், சோபா, மேசை எல்லாவற்றையும் அதே அளவில் அட்டையில் வெட்டி நகர்த்திப் பாருங்கள். சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். என் முதல் முயற்சியில் இதைச் செய்திருந்தால் கட்டிலுக்குப் பின்னால் சுவிட்ச் போர்டு போய் மாட்டியிருக்காது.

சுவரில் ஓதம் இருக்கிறது. நல்ல பெயின்ட் அடித்தால் போகாதா?

போகாது, சில மாதம் ஒளிந்திருக்கும். ஓதத்துக்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை.

தரையிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும். அந்த எல்லையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். மழைக்குப் பிறகு பெரிதாகி, வெயில் காலத்தில் சுருங்கும் திட்டு வெளிச்சுவரிலிருந்தோ தளத்திலிருந்தோ வருகிறது. மழை, வெயில் எதையும் பார்க்காமல் ஆண்டு முழுக்க ஒரே மாதிரி இருக்கும் ஈரத்துக்குப் பைப் கசிவு காரணமாக இருக்கலாம். வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைக் குறித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. மீட்டர் இல்லையென்றால் மேல்தொட்டிக்கு வரும் தண்ணீரை நிறுத்திவிட்டு, தொட்டியின் நீர்மட்டத்தில் கோடு போட்டுப் பார்க்கலாம்.

நான்காவது ஒன்று உண்டு, அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். காற்றோட்டம் இல்லாத அறையில், காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்து, மூலைகளிலும் அலமாரிக்குப் பின்னாலும் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். இதற்குச் சுவரை உடைக்க வேண்டியதில்லை. சன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும் போதும். எது என்று சந்தேகமாக இருந்தால் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் அறைப்பக்கம் நனைந்தால் ஈரம் காற்றில் இருக்கிறது. சுவர்ப்பக்கம் நனைந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது.

விரிசல்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. எல்லாமே ஆபத்தா?

இல்லை. பூச்சில் தலைமுடி போல வலைவலையாக ஓடுபவை பூச்சு காய்ந்து சுருங்கியதால் வருபவை. பட்டி பார்த்து மூடிவிடலாம். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக வருவதும் சாதாரணம்தான். இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கி விரிகின்றன. அங்கே கம்பிவலை வைத்துப் பூச வேண்டும்.

சாய்வாக ஓடி ஒரு முனையில் அகலமாவது, ஒரு நாணயம் நுழையும் அளவு இருப்பது, சுவரின் இரண்டு பக்கமும் தெரிவது, கூடவே கதவு சன்னல் இறுக ஆரம்பிப்பது, இவற்றைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்ட வேண்டும். விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். சில மாதத்தில் கோட்டைத் தாண்டியிருந்தால் அது வளர்கிறது.

தூண், பீம், மேல்தளத்தின் அடிப்பக்கம் ஆகியவற்றில் துருக்கறையோடு வரும் விரிசலைத் தள்ளிப்போடாதீர்கள். கம்பி துருப்பிடித்தால் துரு, அசல் இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில்தான் கான்கிரீட் பெயர்ந்து விழுகிறது. மேலே சிமென்ட் பூசி மறைப்பதால் பயனில்லை. தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியிலுள்ள துருவை முழுக்கத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, அதற்கென்று உள்ள கலவையால் அடைக்க வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் என்ன செய்வது என்று பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

நடுச்சுவரை எடுத்துவிட்டு ஹாலைப் பெரிதாக்கலாமா?

அந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்பதைப் பொறுத்தது. தூண், பீம் போட்டுக் கட்டிய வீட்டில் உட்சுவர்கள் பெரும்பாலும் தடுப்புகளே. சுவர்களே தளத்தைத் தாங்கும் பழைய முறை வீட்டில் ஒன்றை எடுப்பது மேசையின் காலை எடுப்பது போல. 115 மி.மீ. சுவர் என்றால் தடுப்பு, 230 மி.மீ. என்றால் தாங்குசுவர் என்று ஒரு வாய்ப்பாடு உலவுகிறது. அதை நம்பி சம்மட்டியைத் தூக்காதீர்கள். மெல்லிய சுவர்மேலும் காலப்போக்கில் தளத்தின் எடை உட்கார்ந்திருக்கலாம். மேல்மாடியில் அதே இடத்தில் சுவர் இருக்கிறதா, தளத்தின் கம்பிகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பதையெல்லாம் பார்த்து, பொறியாளர் எழுத்தில் கொடுத்த பிறகே கை வைக்க வேண்டும். “நான் முப்பது வருஷமா இடிக்கிறேன், ஒண்ணும் ஆகாது” என்று மேஸ்திரி சொல்லலாம். அந்த முப்பது வருடமும் வேறு வீடுகளில் கழிந்தவை.

சுவரை எடுக்காமல், பைப்போ வயரோ பதிக்கக் காடி (நீளப் பள்ளம்) வெட்டுவதிலும் ஒரு வரம்பு உண்டு. நெடுக்காக வெட்டினால் சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு, கிடையாக வெட்டினால் ஆறில் ஒரு பங்கு. 115 மி.மீ. சுவரில் கிடையாக 19 மி.மீ.தான் வரும்; 25 மி.மீ. பைப்பே அதற்குள் அடங்காது. அதனால் பைப்பைத் தரை வழியாகவோ மேல் வழியாகவோ கொண்டுபோய், தேவையான இடத்தில் நெடுக்காக இறக்குவதே முறை. ஒரே சுவரில் இரண்டு பக்கமும் முதுகோடு முதுகாக வெட்டுவதும் கூடாது.

எவ்வளவு பணம் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும்?

ஓரளவு புதிய வீட்டுக்கு மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம். பழைய வீட்டுக்கு 20 சதவீதம், சில நேரம் அதற்கும் மேல். உடைத்துப் பார்க்கும் வரை உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இந்தப் பணத்தைக் கணக்கின் கடைசியில் சேர்க்காதீர்கள். கையில் இருப்பதிலிருந்து முதலிலேயே எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மீதிக்குள் திட்டம் போடுங்கள். கடைசியில் சேர்ப்பவர்கள் முதல் வாரத்திலேயே அதை நல்ல டைல்ஸுக்குத் தாரை வார்த்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

எஸ்டிமேட்டில் யாரும் எழுதாத செலவுகளும் இருக்கின்றன. இடிபாடுகளை அள்ளிப்போகும் வண்டி, தற்காலிக வாடகை, சாமான்களை வைக்க இடம், அனுமதிக் கட்டணம், கதவுக் கைப்பிடிகள், விளக்குகள், திரைச்சீலைகள். தனித்தனியாகப் பார்த்தால் சின்னவை. சேர்த்துப் பார்த்தால் ஓர் அறையின் செலவு.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

பின்னால் சுவரை உடைக்காமல் மாற்றக்கூடிய எதிலும் மிச்சம் பிடிக்கலாம். பெயின்ட், விளக்கு, அலமாரிக் கதவு, குழாயின் வெளித்தோற்றம். சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் போய் மறையப்போகும் வயர், பைப், நீர்த்தடுப்பு, வடிகால் ஆகியவற்றில் பிடிக்கக் கூடாது. விருந்தாளிகள் ஒருவரும் இவற்றைப் பாராட்டப்போவதில்லை, அதனால்தான் இங்கே கை சுருங்குகிறது. குழாயை ஐந்து வருடத்தில் மாற்றலாம், அரை மணி நேர வேலை. அதற்குப் பின்னாலிருக்கும் பைப்பை மாற்றப் பாதிக் குளியலறையை உடைக்க வேண்டும்.

இடங்களை மாற்றாமல் இருப்பதும் பெரிய மிச்சம். சிங்க், கழிப்பறை, குளியலறை இருக்கும் இடத்திலேயே இருந்தால் பைப் செலவில் கணிசமான பகுதி குறையும்.

கொட்டேஷன்களை எப்படி ஒப்பிடுவது?

மூன்று பேரிடம் ஒரே காகிதத்தைக் கொடுத்தால்தான் ஒப்பிட முடியும். ஒவ்வொருவரிடமும் வாயால் சொன்னால் ஒவ்வொருவரும் தம் மனதிலுள்ள வீட்டுக்கு விலை போடுவார்கள்.

“குளியலறை வேலை, மொத்தம் இவ்வளவு” என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். பூச்சு என்றால் எத்தனை சதுர மீட்டர், என்ன தடிமன், சிமென்ட்டுக்கு எத்தனை பங்கு மணல், கதவு சன்னல் இடத்தை அளவில் கழிப்பார்களா மாட்டார்களா என்பதுவரை எழுத்தில் வேண்டும். டைல்ஸ் என்றால் பழையதைப் பெயர்ப்பது, குப்பையை அள்ளுவது, ஒட்டும் பசை, இடுக்கு நிரப்புவது எல்லாம் அந்த விலைக்குள் வருகிறதா? வயர், பைப் எந்தக் கம்பெனி, எந்தத் தரம்? மிகக் குறைந்த கொட்டேஷனைப் பார்த்தால் சந்தோஷப்படுவதற்கு முன் அதில் எந்த வரி காணோம் என்று தேடுங்கள். பெரும்பாலும் அகப்படும்.

ஒப்பந்தம் கூலி மட்டுமா, பொருளோடு சேர்த்தா என்பது உங்கள் நேரத்தைப் பொறுத்தது. தினமும் வந்து நிற்கவும் பொருள் வாங்க அலையவும் முடிந்தால் கூலி ஒப்பந்தம். முடியாதென்றால் பொருளோடு கொடுத்துவிடுங்கள், ஆனால் பொருள்களின் பெயரையும் தரத்தையும் எழுத்தில் கட்டிப்போடுங்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது புதிதாக முடித்த வேலையைவிட, இரண்டு மூன்று வருடத்துக்கு முன் முடித்த குளியலறை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். புது வேலை எல்லாம் பளபளவென்றுதான் இருக்கும்.

அட்வான்ஸ் எவ்வளவு கொடுக்கலாம்?

முடிந்த வேலையைவிடக் கொடுத்த பணம் எப்போதும் அதிகமாக இருக்கக் கூடாது. தேதியைப் பார்த்துக் கொடுக்காமல் கட்டத்தைப் பார்த்துக் கொடுங்கள்: இடித்து அள்ளியதும் ஒரு பங்கு, பைப்பும் வயரும் முடிந்து சோதித்ததும் ஒரு பங்கு, பூச்சு முடிந்ததும் ஒன்று, இப்படி. கடைசி 5 முதல் 10 சதவீதத்தைக் குறைகள் எல்லாம் சரியாகும் வரை பிடித்து வைப்பதாக முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். முதலில் சொல்லாமல் கடைசியில் பிடித்தால் சண்டைதான் வரும். அப்போது நியாயம் ஒப்பந்தக்காரர் பக்கமும் இருக்கும்.

எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை?

அழுக்கு வேலை முதலில், நுணுக்க வேலை கடைசியில். மேலிருந்து கீழே வாருங்கள். இடிப்பு, கட்டமைப்புப் பழுது, மேல்தள ஒழுகல், அதன்பின் சுவருக்குள் போகும் பைப்பும் வயரும், பிறகு பூச்சு. குளியலறை நீர்த்தடுப்பு, தரை டைல்ஸ், மரவேலை, பெயின்ட். சுவிட்ச், விளக்கு, குழாய்களைக் கடைசியில் மாட்ட வேண்டும். பெயின்ட்டை இரண்டு தடவையாகப் பிரிப்பது நல்லது: மரவேலைக்கு முன் பிரைமரும் ஒரு கோட்டும், எல்லாரும் போன பிறகு கடைசிக் கோட். யாராவது ஒருவர் ஏணியைச் சுவரில் சாய்க்காமல் இருக்கமாட்டார்.

ஒழுகும் தளத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி ஒன்றும் சொல்ல விரும்பவில்லை.

எத்தனை நாளில் முடியும்?

ஆட்கள் வேகமாக வேலை செய்வார்கள், சிமென்ட் செய்யாது. கான்கிரீட் ஏழு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வலுவை அடையும், அதன் முழு வலுவை 28 நாளில் அளப்பது வழக்கம். பூச்சை ஏழு நாளாவது நனைத்து வைக்க வேண்டும். புதுப் பூச்சில் காரத்தன்மையும் ஈரமும் இருக்கும். நான்கு வாரம் போல உலரவிட்டுப் பெயின்ட் அடித்தால்தான் உரியாது, நிறம் வெளுக்காது. அவசரப்படுத்துகிறவர்கள் வழக்கமாக இந்தக் காத்திருக்கும் நாட்களில்தான் கை வைக்கிறார்கள், பலனைச் சுவர் அடுத்த வருடம் காட்டும்.

ஒரு குளியலறை மட்டும் என்றால் மூன்று நான்கு வாரம், முழு வீடு என்றால் சில மாதம் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். எஞ்சிய தாமதம் பொருள் வராததால் வரும். டைல்ஸ், குழாய், கதவு எல்லாவற்றையும் இடிக்கும் நாளுக்கு முன்பே தேர்ந்தெடுத்துவிட்டால் பாதித் தாமதம் தீர்ந்துவிடும். சுவருக்குள் போகும் குழாயின் உடற்பகுதி கையில் இல்லாமல் பிளம்பர் பைப் போட முடியாது.

குளியலறையில் எல்லாரும் கோட்டைவிடுவது எங்கே?

டைல்ஸும் அதன் இடுக்கு நிரப்பியும் தண்ணீரைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில். தடுக்காது. இடுக்கு வழியாக ஈரம் இறங்கிக்கொண்டே இருக்கும். உண்மையில் தடுப்பது டைல்ஸுக்கு அடியில் பூசும் நீர்த்தடுப்புப் படலம். அது தரையோடு நிற்காமல் சுவரில் 30 செ.மீ. வரையாவது ஏற வேண்டும். ஷவர் படும் சுவரில் 1.8 மீட்டர் வரை. தரையும் சுவரும் சேரும் மூலை, பைப் தரையைத் துளைத்து வரும் இடம், வடிகால் வாய், இந்த மூன்றில்தான் கசிவு தொடங்கும். அங்கே வலைத்துணி வைத்துப் பூசச் சொல்லுங்கள்.

பூசி உலர்ந்ததும் வடிகாலை அடைத்து, ஒரு நாள் முழுக்கவாவது, முடிந்தால் 48 மணி நேரம், தரையில் தண்ணீர் தேக்கி வையுங்கள். கீழ்த்தளத்தின் கூரையையும் பக்கத்து அறைச் சுவரையும் பாருங்கள். என் முதல் குளியலறையில் இதைச் செய்யவில்லை. “அதெல்லாம் தேவையில்ல சார், நல்லா பூசியிருக்கு” என்றார்கள், நானும் டைல்ஸ் ஒட்டும் அவசரத்தில் தலையாட்டினேன். எட்டாம் மாதம் பின்பக்கப் படுக்கையறைச் சுவரில் பெயின்ட் கொப்பளித்தது. ஒரு பைப் மூலையில் பூச்சு விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்க உடைத்தது முழுத்தரை.

அடுத்தது வாட்டம். தரை வடிகாலை நோக்கி மீட்டருக்கு 10 முதல் 12 மி.மீ. இறங்க வேண்டும், ஷவர் பகுதியில் இன்னும் கூடுதலாக. டைல்ஸ் ஒட்டும் நாளிலேயே ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். குட்டை கட்டினால் பசை காய்வதற்குள் பெயர்த்து ஒட்டலாம்; அடுத்த வாரம் என்றால் உடைக்க வேண்டும். பெரிய டைல்ஸை வாட்டத்துக்கு வளைக்க முடியாது என்பதால் ஷவர் பகுதிக்குச் சின்ன டைல்ஸ் வசதி.

கழிப்பறையை அறையின் எதிர்ப்பக்கத்துக்கு மாற்ற நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுங்கள்: 100 மி.மீ. மலக்குழாய்க்கும் வாட்டம் வேண்டும். எவ்வளவு தூரம் நகர்த்துகிறீர்களோ அவ்வளவுக்குத் தரையைத் தூக்க வேண்டியிருக்கும், கடைசியில் குளியலறைக்குள் படியேறிப் போவீர்கள். துர்நாற்றப் புகார்களுக்குப் பெரும்பாலும் வடிகாலின் நீர்ப்பூட்டு, அதாவது தேங்கிய தண்ணீரால் நாற்றத்தைத் தடுக்கும் வளைவு, வற்றுவதே காரணம். அதில் 50 மி.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். நாள்கணக்கில் பயன்படுத்தாத குளியலறையில் அது வற்றிவிடும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் நாற்றம் நிற்கும்.

பழைய வயரிங்கை மாற்றியே ஆக வேண்டுமா?

எர்த் இல்லாத வயரிங், துணி அல்லது ரப்பர் உறை போட்ட வயர், சூடாகும் சுவிட்ச், இவற்றில் ஒன்று இருந்தாலும் மாற்றுங்கள். சுவரை எப்படியும் திறக்கப்போகிறோம், இதைவிட்டால் சமயம் வாய்க்காது. ஏ.சி., வாட்டர் ஹீட்டர், ஓவன் போன்ற கூடுதல் மின்சாரம் இழுப்பவை ஒவ்வொன்றுக்கும் தனி வயர், தனி பிரேக்கர். மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புக் கருவி கட்டாயம் வேண்டும். சாதாரண பிரேக்கர் வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது.

பாயின்ட்களின் இடத்தைச் சுண்ணக்கட்டியால் சுவரிலேயே வரைந்து, கட்டில் போடும் இடத்தில் படுத்துக்கூடப் பாருங்கள், கை எட்டுகிறதா என்று. பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவை விரித்து வைத்துப் படமெடுங்கள். பத்து வருடம் கழித்து ஆணி அடிக்கும்போது அந்தப் படம்தான் காப்பாற்றும்.

சமையலறை மேடை எவ்வளவு உயரம்?

85 முதல் 90 செ.மீ. என்பது பொதுவான அளவு. ஆனால் அதிகம் சமைப்பவரை நிறுத்தி முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்குக் கீழே 10 முதல் 15 செ.மீ. விட்டு வையுங்கள். எதிரெதிர் மேடைகளுக்கு நடுவே ஒரு மீட்டர் வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்தால் 1.2 மீட்டர்.

பழைய டைல்ஸ் மேலேயே புதியதை ஒட்டலாமா?

ஒட்டலாம், பழையது இறுக்கமாகவும் சமமாகவும் இருந்தால். ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள். வெற்றுச் சத்தம் வந்தால் அந்த டைல்ஸைப் பெயர்த்துவிட வேண்டும். சிமென்ட் பால் பளபளப்பில் பிடிக்காது, அதற்கான பசைதான் வேண்டும். தரை 12 முதல் 15 மி.மீ. உயரும் என்பதால் கதவுகளின் அடியை அறுக்க நேரும். ஏற்கெனவே கசியும் குளியலறையில் இந்த வழி வேண்டவே வேண்டாம்.

எவ்வளவு வாங்குவது என்றும் கேட்கிறார்கள். நேராகப் பதித்தால் பரப்பைவிட 10 சதவீதம் கூடுதல், மூலைவாட்டில் பதித்தால் 15. பெட்டிகளின் தொகுதி எண் எல்லாம் ஒன்றாக இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள். எண் மாறினால் நிறமும் லேசாக மாறும், பதித்த பிறகுதான் கண்ணை உறுத்தும். முடிந்ததும் ஒரு பெட்டியைப் பரணில் போட்டு வையுங்கள்.

வேலை நடக்கும்போது அதே வீட்டில் இருக்கலாமா?

ஒரு கழிப்பறையும் ஓர் அறையும் தொடாமல் இருந்தால் முடியும். வேலை நடக்கும் பகுதியைத் தடித்த பிளாஸ்டிக் தாளால் முழுக்க மறைத்து, தூசி வெளியே போக ஒரு சன்னலைத் திறந்து வையுங்கள். ஆஸ்துமா உள்ளவரோ கைக்குழந்தையோ இருந்தால் இடிப்பு நாட்களிலாவது வேறெங்காவது தங்குங்கள்.

வீடு மிகப் பழையது என்றால் இன்னொரு எச்சரிக்கை. பழைய பெயின்ட்டில் ஈயமும், பழைய கூரைத் தகடுகளிலும் பைப் உறைகளிலும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தை அமெரிக்கா 1978-இல் தடை செய்தது; பிரிட்டன் ஆஸ்பெஸ்டாஸை முழுமையாகத் தடை செய்தது 1999-இல்தான். சந்தேகமிருந்தால் உலர்வாகத் தேய்ப்பதோ, அறுப்பதோ, உடைப்பதோ கூடாது. பரிசோதித்து, பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு அகற்றுங்கள்.

வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள். இப்போதே என்ன செய்து வைக்கலாம்?

அவர்களுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள், நமக்கும்தான். குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் உள்பக்கம் தள்ள முடியாது. 90 செ.மீ. கதவு இருந்தால் சக்கர நாற்காலி நுழையும். கைப்பிடிக் கம்பியை இன்று மாட்டாவிட்டாலும், மாட்டப்போகும் இடத்தில் சுவரை வலுவாக்கிப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி வாங்க வேண்டுமா?

பெயின்ட், டைல்ஸ், குழாய் மாற்றத்துக்குப் பொதுவாக வேண்டாம். சுவரை அகற்றுவது, அறை சேர்ப்பது, மாடி எழுப்புவது, வெளித்தோற்றத்தை மாற்றுவது என்றால் உள்ளாட்சியிடம் கேட்காமல் தொடங்காதீர்கள். அடுக்குமாடி என்றால் சங்கத்திடமும், கீழ்வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுங்கள். வேலைக்கு முன் கீழ்வீட்டின் கூரையைப் படமெடுத்து வைப்பது இருவருக்கும் நல்லது.

நடுவில் மனம் மாறினால்?

மாறும். ஒவ்வொரு மாற்றத்தையும் தேதி, கூடுதல் செலவு, கூடுதல் நாள் போட்டு எழுதி, நீங்களும் ஒப்பந்தக்காரரும் கையெழுத்திட்ட பிறகே செய்யச் சொல்லுங்கள். எழுதி வைத்தால் பாதி மாற்றங்கள் தாமாகவே மறைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

முடிந்துவிட்டது என்கிறார்கள். எதைப் பார்த்து ஒப்புக்கொள்வது?

பகல் வெளிச்சத்தில், அவசரமில்லாத நாளில், ஒப்பந்தக்காரரையும் கூட வைத்துக்கொண்டு பாருங்கள். எல்லாக் கதவு சன்னலையும் திறந்து மூடுங்கள். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து அழுத்தம் குறைகிறதா என்று கவனியுங்கள். சிங்கை நிரப்பி ஒரே மூச்சில் விட்டுவிட்டு, அடியில் உலர்ந்த காகிதத்தால் மூட்டுகளைத் தடவுங்கள். டைல்ஸைத் தட்டுங்கள். ஒவ்வொரு பிளக்கிலும் கைபேசி சார்ஜரைச் செருகிப் பாருங்கள், மின்கசிவுக் கருவியின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். இரவில் டார்ச்சைச் சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் பட்டியின் மேடுபள்ளம் எல்லாம் நிழலாக எழும்பும்.

குறைகளை அறைவாரியாக எழுதி, சின்னச் சின்ன வண்ண டேப்புகளை அந்தந்த இடத்தில் ஒட்டிவிடுங்கள். டேப் கடைசியாக உரிக்கப்பட்ட அன்று, பிடித்து வைத்த பாக்கியைக் கொடுங்கள். கொடுக்கும்போதே உத்தரவாதச் சீட்டுகளையும், பெயின்ட் நிற எண்ணையும், டைல்ஸ் தொகுதி எண்ணையும், எந்த பிரேக்கர் எந்த அறைக்கு என்ற பட்டியலையும் வாங்கி, பூச்சுக்கு முன் எடுத்த படங்களோடு ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கர் பட்டியலின் ஒரு நகல் மட்டும் மின்பெட்டிக் கதவின் உட்புறத்தில்.